ராஜபாளையத்துக்காரி

"ஏட்டி சீனி, நான் சொல்லுதேன்னு மனச விட்டுராத. உன் வீட்டுக்காரரு ராஜபாளையத்துல ஒருத்திய வச்சிருக்காராம்."

பால்காரன் பால்பாண்டியிடமிருந்து சேதி கிடைத்ததும், வெள்ளத்தாய் தெருவில் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு, கடைசியாகச் சம்பந்தப்பட்ட வீட்டுக்கு வந்திருந்தாள். எதையும் அந்த வரிசையில் செய்வதுதான் அவள் வழக்கம்.

யோசித்தால் எல்லாம் பொருந்தித்தான் வந்தது. போன வருடம் சீனியம்மாளின் புருஷன், தையல்காரர் சோலைச்சாமி சுவரைப் பார்த்துப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. குளியல் இல்லை, பேச்சு இல்லை. கடை பூட்டியே கிடந்ததில் வெள்ளத்தாயின் ரவிக்கைத் துணியும் உள்ளே மாட்டிக்கொண்டது. சீனியம்மாள் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. இப்போதோ மனிதர் மழமழவென்று சவரம் செய்கிறார், மிஷினை மிதித்துக்கொண்டே பாடுகிறார், மாதம் பிறந்தால் பாண்டியன் பஸ்ஸில் ராஜபாளையம் போகிறார். காரணமில்லாமல் ஒரு ஆம்பளை சிரிப்பானா?

"நான் என்ன செய்ய மதினி" என்றபடி சீனியம்மாள் அயிரை மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வெள்ளத்தாய்க்கு ஏமாற்றமாகிவிட்டது.

அடுத்த மாதம் அதே பஸ்ஸில், தலையில் முந்தானையோடு வெள்ளத்தாயும் ஏறினாள். ராஜபாளையத்தில் சோலைச்சாமி ஒரு மாடிப்படி ஏறினார். கொஞ்சம் விட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய் நிறைய வசவோடு அவளும் ஏறினாள்.

மேலே 'மனநல மருத்துவர்' என்று பலகை. திறந்த கதவு வழியே சோலைச்சாமி தெரிந்தார். பக்கத்தில், முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்ட சீனியம்மாள்.

"நல்லாயிட்டோம்னு நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க. நான் சொல்றப்போ, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்றார் டாக்டர்.

வெள்ளத்தாயைப் பார்த்ததும் சீனியம்மாள் எழுந்து வந்து, அவளைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நடுவுல ஒருக்க, ஊர்லருந்து வந்த சித்தப்பா 'பைத்தியத்துக்கா மாத்திரை திங்கிற'ன்னு கேட்டாருன்னு அவிய பட்டுன்னு நிப்பாட்டிட்டாவ. மறுபடியும் சொவரப் பாத்துப் படுத்தாவ. இனி தெருவும் அப்படிக் கேட்டா அவிய தாங்க மாட்டாவ மதினி."

"அப்போ அந்தப் பொம்பள?"

"சின்னவீடுன்னா ஊரு நாலு நாள் சிரிச்சிட்டு விட்டுரும். அதான் பால்பாண்டி காதுல நானே போட்டேன். அவன் நேரா உங்ககிட்டத்தான் வருவான்னு தெரியும்."

அன்று சாயங்காலம் குழாயடியில் தெருவே சூழ்ந்துகொண்டு கேட்டபோது, வெள்ளத்தாய் குடத்தை இறக்கி வைத்தாள்.

"இந்தக் கண்ணால பாத்தேன்" என்றாள். "நல்லா செவத்த பொம்பள. ரெண்டு பக்கமும் மூக்குத்தி."