கரித்தட்டு

தரைக்கு அடியில் இருக்கும் அந்த அறைக்கு ஒரே ஒரு சன்னல். அதுவும் கூரையை ஒட்டி, தெருவில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரிகிற உயரத்தில். அதன் வழியாக விழுகிற வெளிச்சத்தில் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூசணம் பூத்த சுவரைப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தம்பி வீட்டில் ஒன்பது வருஷமாக அவள் படுத்தெழுந்த அறை. அத்தனை நாளும் யார் மூக்குக்கும் எட்டாத ஓதவாடை, தம்பிக்கு அங்கே உடற்பயிற்சி மெஷின் வரப்போகிறது என்றதும் மாடி வரைக்கும் வந்து குடலைப் புரட்டுகிறதாம். நேற்றே அவள் கட்டிலைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டாயிற்று. வாடை போக்க வந்த ஆள் டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்க்கிறார். "ரொம்ப நாளா யாரும் புழங்காத இடம், அதான்," என்கிறான் தம்பி, மூக்கைப் பொத்திய கைக்குட்டைக்குள்ளிருந்து. பிரஷ் ஒரு நொடி நின்று மறுபடி தேய்க்கிறது. கட்டில் கிடந்த இடத்தில் டார்ச் வெளிச்சம் நிற்கிறது. அங்கே ஒரு பீங்கான் தட்டு, அதில் கரித்துண்டுகள். ஆள் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்க்கிறார். "ஈரத்தை இழுத்துக்கத்தான் கரி வெப்பாங்க. இது புதுசா மாத்தின கரியாச்சே, யாரு சார் வெச்சது?" தம்பி கூரைக் குழாயை அண்ணாந்து பார்க்கிறான். "வேலை செய்யற அம்மா வெச்சிருப்பாங்க." ஆள் சுவரோரம் திரும்புகிறார். "விவரமான ஆளுதான். எத்தனை வருஷமாம்மா இங்க வேலை?" அக்கா பிரஷை வாளியில் முக்குகிறாள். தண்ணீர் கறுக்கிறது. "ஒன்பது வருஷமாங்க," என்கிறாள்.