தரை தொடாத பந்து

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ரக்பியில் தெற்குக்குப்பத்தை வடக்குக்குப்பம் ஒருமுறைகூட வென்றதில்லை. அன்று கடைசி நிமிடத்தில் பன்னிரண்டுக்குப் பத்து என்று வடக்குதான் முன்னால் இருந்தது. அப்போது தெற்கின் தலைவி ரெஜினா பந்தை மார்போடு அணைத்தபடி இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டு வடக்கின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பாய்ந்தாள். பந்தைத் தரையில் வைத்துவிட்டால் ஐந்து புள்ளி, ஆட்டம் தெற்குடையது. அவள் விழும் இடத்தில் வடக்கின் ஒல்லிப்பெண் செல்வமேரி முந்திக்கொண்டு போய் மல்லாந்து விழுந்தாள். பந்து அவள் வயிற்றில் வந்து இறங்கியது. இருவர் மேலும் இன்னும் ஆறேழு பேர் வந்து விழுந்தார்கள்.

"விடுடி, மூச்சு முட்டிச் செத்துடுவ," என்றாள் ரெஜினா, மூக்கோடு மூக்கு உரச.

"நீ மொதல்ல எழுந்துரு," என்றாள் செல்வமேரி.

ரெஜினா பந்தைப் பக்கவாட்டில் உருட்டினாள். செல்வமேரி சட்டென்று அதற்கடியில் உள்ளங்கையைக் கொடுத்தாள். நடுவர் மணலில் குப்புறப் படுத்து, குவியலுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பந்துக்கும் மணலுக்கும் நடுவே ஐந்து விரல்கள் இருந்தன.

புள்ளி இல்லை என்று கையசைத்து, ஆட்டம் முடிந்ததென நீளமாக விசில் ஊதினார். வடக்குக்குப்பமே கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தது. மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாக எழுந்த ரெஜினா, கலங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினாள்.

"அதான் ஜெயிச்சிட்டீங்களே. பந்தக் குடு."

செல்வமேரி எழவில்லை. நசுங்கிய விரல்களோடு பந்தை இன்னும் இறுக்கிக்கொண்டு, பல்லெல்லாம் மணலாகச் சிரித்தாள்.

"வந்து எடுத்துக்கோ."