எடைக்கு ஒரு ஆள்

"இன்னும் எவ்வளவு நேரம் பிடிச்சு வெச்ச மாதிரி உக்காந்திருக்கணும், மாப்பிள்ளை?"

ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் இருந்த மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. அடியில் படுத்திருந்த மருமகன், சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களை இரும்புக் குழாயில் தானே செய்து மாட்டியிருந்தான். நாளைக்குப் பாறை மேட்டில் பந்தயம்.

"ஓட்டுற ஆளோட வெயிட் இருந்தாத்தான் அளவு சரியா வரும் அத்தை. அசையாதீங்க."

"நீங்களே உக்கார வேண்டியதுதானே?"

"அப்புறம் யாரு அளக்கறது?"

நேற்று வைத்த வெல்டைக் காலையில் அறுத்துவிட்டு மறுபடி வைத்திருந்தான்.

"நல்லாத்தானே இருந்துச்சு. அதை எதுக்கு அறுத்தீங்க?"

"மயிரிழை விரிசல் அத்தை. பாறையில உடைஞ்சா வண்டி கவுந்துடும்."

"கவுழட்டும்! அப்பவாவது உங்களுக்குப் புத்தி வருதா பாப்போம். கட்டின பொண்டாட்டி லீவு நாள்லயும் வேலைக்கு ஓடறா. நீங்க கரியும் கையுமா இதுக்கு அடியிலயே குடித்தனம் நடத்துறீங்க."

மகள் ஷெட்டுக்குள் வந்தாள். கையில் புது ஹெல்மெட்.

"என் சீட்ல என்னம்மா பண்றே?"

"உன் சீட்டா?"

மருமகன் தலையை நீட்டினான். "உன் வெயிட்டும் அத்தை வெயிட்டும் ஒண்ணுதானே, அதான் உக்கார வெச்சேன். நாளைக்கு ஓட்டப்போறது நீதான்னு இன்னுமா சொல்லலே?"

"சொன்னா விடுவாங்களா?"

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இறங்குவதற்காக வெளியே நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, அந்தப் பக்கத்து வெல்டையும் அறுத்துட்டுப் புதுசா வைங்க. எவ்வளவு நேரமானாலும் நான் உக்காந்திருக்கேன்."