யார் கூட வந்தீங்க?

“திருடினது உங்க தம்பிதான். அப்படீன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இல்லேன்னா, எடுத்து வித்தது நீங்கதான்னு நாங்க எழுத வேண்டியிருக்கும்.”

மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு வெள்ளைத்தாளைப் பெரியவன் பக்கம் தள்ளினார். நாளைக் காலை வரைக்கும் அவகாசம்.

விஷயம் இதுதான். அரசாங்க அலுவலகங்களில் உட்கார்ந்து மக்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஏஐ மெஷின் வேண்டுமாம். இரண்டு கம்பெனிகள் முட்டிக்கொண்டன. ஒன்றில் பெரியவன். இன்னொன்றில் அவன் கூடப் பிறந்த தம்பி. ஜெயிக்கிற கம்பெனிக்கு நாடு முழுக்க வேலை, தோற்கிற கம்பெனிக்குப் பூட்டு. “எது முந்துதோ அதுதான். தேர்தலுக்குள்ள எனக்குக் கைக்கு வந்தாகணும்” என்று அமைச்சரும் சொல்லிவிட்டார்.

அண்ணன் தம்பிக்கு வீடு ஒன்றுதான். கீழே அண்ணன், மாடியில் தம்பி. சாப்பாட்டு மேஜையில் ஆபீஸ் பேச்சை எடுக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். போட்டவள் பெரியவனின் மனைவி. அவளும் வேலைக்குப் போகிறவள்தான், அரசாங்க உத்தியோகம்.

அன்று காலை, அமைச்சர் முன்னால் சோதனை. வயதானவர் மாதிரி நடித்தார் ஓர் அதிகாரி.

“உதவித்தொகைக்கு எழுதிப் போடணும். கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சுபோச்சாமே?”

பெரியவனின் மெஷின் சொன்னது: “முதல்ல உட்காருங்க. யார் கூட வந்தீங்க?”

தேதியைக் கேட்டால் துணைக்கு வந்தவரைக் கேட்கிறதே என்று அமைச்சருக்கே வியப்பு. தனியாகத்தான் வந்தேன் என்றார் அதிகாரி.

“அப்ப உங்களை நாளைக்கு வாங்கன்னு அனுப்ப மாட்டேன். இன்னிக்கே ஏதாவது வழி பார்ப்போம்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து தம்பியின் மெஷின். அதே கேள்வி.

“முதல்ல உட்காருங்க. யார் கூட வந்தீங்க?”

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

அந்த ஒரு கேள்வியைச் சேர்த்தது பெரியவன். ‘கள ஆய்வில் கண்டது’ என்று தலைப்புப் போட்டுக் கொடுத்து, ஆபீஸில் பாராட்டும் வாங்கியிருந்தான். அது எப்படி அங்கே போயிற்று? மாடியிலிருந்து இறங்கி வந்து லேப்டாப்பை நோண்டினானா? போனில் பேசியதை ஒட்டுக் கேட்டானா? கோபத்தைவிட, எப்படி எடுத்தான் என்ற குறுகுறுப்புதான் வழி நெடுக அவனைப் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்குள் நுழைந்தால், சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான்.

“எப்படிடா எடுத்தே?”

“அதை நான் கேக்கணும். உன் பேரை எழுதிக் குடுக்கச் சொல்லி எங்க ஆபீஸ்ல உயிரை வாங்கறாங்க.”

“என் பேரையா? அது என்னோட கேள்விடா!”

“உன்னோடதா? கள ஆய்வு பண்ணிக் கண்டுபிடிச்சவன் நான்!”

“நீயா? ஏசி ரூமை விட்டு என்னிக்குடா நீ வெளிய போனே?”

“நீ மட்டும் வெயில்ல அலைஞ்சியாக்கும்!”

உள்ளேயிருந்து பெரியவனின் மனைவி வந்தாள். ஆபீஸிலிருந்து வந்து இன்னும் புடவைகூட மாற்றவில்லை. இரண்டு டம்ளர் தண்ணீரை மேஜைமேல் வைத்தாள்.

“எதுக்கு இப்படிக் கத்தறீங்க? முதல்ல உட்காருங்க ரெண்டு பேரும்.”

இருவரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் காதில் விழுந்தது உறைத்தது. இருவரும் ஒரே நேரத்தில் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவள் உதவித்தொகை அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்காருகிறவள். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் ஒருநாள் பெரியவன் பேச்சோடு பேச்சாகக் கேட்டிருந்தான், தேதி தப்பி யாராவது வந்தால் நீ என்ன சொல்வாய் என்று. மாடிக்குத் துணி காயப்போட வந்த அண்ணியிடம் தம்பியும் அதையேதான் கேட்டிருந்தான். கள ஆய்வு அவ்வளவுதான்!

“ரெண்டு பேருக்கும் நீதான் சொன்னியா?” என்றான் பெரியவன்.

“ரெண்டு பேரும் கேட்டீங்க, சொன்னேன். துணையோட வந்தவங்க நாளைக்கும் வந்துருவாங்க. தனியா வந்தவங்களைத் திருப்பி அனுப்பினா, அப்புறம் வரவே மாட்டாங்க. இத்தனை வருஷமா பாக்கறேனே.”

பெரியவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

“அப்பாடா! நம்ம வீட்ல யாரும் யார்கிட்டயும் திருடலைடா.”

தம்பி சிரிக்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணி, இந்த மெஷின் முதல்ல எந்த ஆபீஸுக்கு வருதுன்னு உங்களுக்கு…”

“எங்க ஆபீஸுக்குத்தான். போன வாரம் வந்து என் சீட்டை அளந்துட்டுப் போனாங்க.”

தட்டிய கையைப் பெரியவன் மெல்ல எடுத்துக்கொண்டான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“நாங்க கேட்டப்பவே உனக்கு இது தெரியுமா?”

“தெரியுமே.”

“தெரிஞ்சுமா சொல்லிக் குடுத்தே? அதுவும் ரெண்டு பேருக்கும்?”

“உங்கள்ல யாரு ஜெயிப்பீங்கன்னு நான் எப்படிங்க கண்டேன்? நான் எழுந்து போனப்புறமும், தனியா வர்றவங்களை உட்காரச் சொல்ல அங்க ஏதாவது ஒண்ணு இருக்கணும்ல?”