பூரணி உட்கார்ந்த இடம்

தன்னைப் பற்றிய ஆவணப்படத்தைக் கனகராயன் மனைவி பூரணியோடு உட்கார்ந்து பார்த்தான். திரையில் அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு, அறுபதடி உயரத்தில் பாதிக் கம்பியைக் கடந்திருந்தான். கேமரா கீழே இறங்கியது. கம்பத்தை இழுத்துப் பிடித்திருந்த கயிற்றின் முளை மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது. பூரணி ஓடிவந்து அதன்மேல் உட்கார்ந்தாள். அவன் மறுமுனையைத் தொடும்வரை எழுந்திருக்கவில்லை.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மறுபடி ஏறுவியா?"

நாளைக்கும் அவன் கம்பியில் ஏற வேண்டும். கனகராயனுக்கு உள்ளங்கால் வியர்த்தது. திரையில் அவன் கண்கட்டை அவிழ்த்துவிட்டுக் கூட்டத்தைக் கும்பிட்டான்.

"அந்த முளை வர்ற எடத்த மட்டும் வெட்டிடுங்க சார்" என்றான், படத்தைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த இயக்குநரிடம்.

"வேணாம் சார், இருக்கட்டும்" என்றாள் பூரணி. "படம் முழுக்க எம்மொகம் அங்க மட்டுந்தான் வருது."