பெட்டிக்குள் பெட்டி

ஏணி வரவில்லை.

இரண்டு பக்கமும் பிடித்து லேசாகத் தூக்கினால் போதும். பரண் விளிம்பில் மாட்டியிருக்கும் கொக்கிகள் கழன்று, ஏணி கைக்கு வந்துவிடும். வேலை முடிந்து இறங்கியதும் அதைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பாள். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

மறுபடி தூக்கினாள்.

சுவரையே தூக்குவதுபோல் இருந்தது.

அக்காவின் வீட்டில் பரண், கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகும் நடைக்கு மேலே இருக்கிறது. பழைய வீடு, உயரமான கூரை. சேலத்தில் புருஷன் வீட்டுக் கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டு அவள் தூத்துக்குடி வந்து இறங்கிய அன்று, பரணில் பித்தளை அண்டாக்களும் ஓடாத மின்விசிறியும் அக்காவின் பெட்டியும் இருந்தன.

கொஞ்ச நாளைக்குத்தான் என்று வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

அவள் வேலைக்கு அமைதி வேண்டும். எங்கோ ஒரு மருத்துவர் முணுமுணுத்துப் பதிவுசெய்ததைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்யும் வேலை. இந்த வீட்டில் குக்கர் கத்தும், அக்காவின் பிள்ளைகள் கத்துவார்கள், இரண்டையும் அடக்க அக்கா கத்துவாள்.

ஒரு நாள் அத்தான் பரணை அண்ணாந்து பார்த்தார்.

மறுநாள் அண்டாக்கள் கீழே இறங்கின.

தச்சர் இன்னாசி அவளைத் தரையில் சம்மணமிட்டு உட்காரவைத்து, உச்சந்தலை எட்டுகிற இடத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டார். பரணில் அவள் உட்கார அந்த உயரம் கிடைக்கும்படி பலகைகளைக் கீழே இறக்கி அடிக்க வேண்டும். அதோடு போதும் என்றார்.

அத்தான் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இன்னும் ஒரு சாண் எறக்கும் வே. பிள்ள நிமுந்து உக்காரணும்லா.”

இறக்கினார்கள். வீட்டிலேயே உயரமானவர் அத்தான்தான். அன்றிலிருந்து அவர் அடுக்களைக்குத் தலை குனிந்து போகிறார்.

ஏணியை ஒரேயடியாக அடித்து நிறுத்தவா, கழற்றி எடுக்கிற மாதிரி வைக்கவா என்று இன்னாசி கேட்டபோது, மற்றவர்கள் வாய் திறக்கும் முன் அவள் சொல்லிவிட்டாள். கழற்றி எடுக்கிற மாதிரி. தான் போனபிறகு அது வழியில் நிற்கக் கூடாது.

அக்கா சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். அதன்பின் வழக்கம்போல் கேலிதான். “ஏட்டி, மாடி வீட்டுக்காரி, எறங்கி வந்து திம்பியா, கூடையில கட்டி அனுப்பணுமா?”

அண்டாக்கள் கட்டிலுக்கடியில் போயின. மின்விசிறி பழைய இரும்புக்காரனிடம் போயிற்று.

அக்காவின் பெட்டி மட்டும் கூடத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றது. ஒட்டினாற்போல் அவளுடைய பெட்டி.

அவளுடையது பெரிது. வந்த நாளிலிருந்து அது காலியானதில்லை. வேண்டியதை எடுப்பாள், உடுத்துவாள், துவைத்து மடித்துத் திரும்ப அதற்குள்ளேயே வைப்பாள். அலமாரியில் அக்கா ஒழித்துக் கொடுத்த தட்டு இன்னும் காலியாகவே இருந்தது.

பரண் மூலையில் ஒரு பெட்டிக்கு இடம் விட்டிருந்தார் இன்னாசி. காலிப் பெட்டியின் இடம் பரண்தானே. ஆனால் அக்கா தன் பெட்டியை அங்கே ஏற்றவே இல்லை. பிள்ளைகள் தடுக்கி விழுந்தார்கள். அப்போதும் ஏற்றவில்லை. ஏற்றினால் தங்கையின் பெட்டி தனியாக நிற்கும்.

ஏணியின் இரண்டாம் படியில் கால் வைத்து ஏறிப் பார்த்தாள்.

கொக்கிகள் இருந்த இடத்தில் இரும்புப் பட்டை. பட்டைக்கு நான்கு திருகாணிகள், புதிது, பளபளவென்று. பட்டையின் மேல் இன்னும் கொஞ்சம் மரத்தூள்.

மத்தியானம் கருவாடு வாங்கி வா என்று அக்கா அவளைக் கடைத்தெருவுக்குத் துரத்தியது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து பார்த்தால், கருவாட்டுப் பானையில் பாதிக்கு மேல் கருவாடு இருந்தது.

தேநீருக்காக அத்தான் நடைக்கு வந்தார். பலகைக்குக் குனிந்தார். ஏணிக்காகப் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி நுழைந்தார். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நடக்கிறவர் போல.

“ஏணி வர மாட்டேங்கு அத்தான்.”

“தெனமும் தூக்கி வைக்கதுல செவரு பெயின்ட்டு உதுருதாம். இன்னாசி ஒரே சண்ட.”

அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

ஒரு கீறல்கூட இல்லை.

கூடத்துக்கு வந்து பெட்டியின் முன் முழந்தாளிட்டாள். திறந்தாள். மேலே இருந்தவற்றை எடுத்தாள். அடியில் இருந்தவற்றையும் எடுத்தாள், வந்த நாளிலிருந்து கை படாதவற்றை. அலமாரித் தட்டு நிறைந்தது. இரண்டு புடவைகள் மிஞ்சின. அவற்றை அக்காவின் புடவைகளின் மேல் வைத்தாள்.

அக்காவின் பெட்டியைத் தூக்கித் தன் பெட்டிக்குள் வைத்தாள்.

முதலில் இடித்தது. கொஞ்சம் சாய்த்ததும் அமர்ந்துகொண்டது.

மூடி, ஏணி வரைக்கும் இழுத்து வந்தாள். ஒற்றையாளாக ஏற்ற முடியாது.

“யக்கா, ஒரு கை பிடி.”

அக்கா கரண்டியோடு வந்தாள். செருப்புகளுக்குப் பக்கத்தில் வெறுந்தரையைப் பார்த்தாள். ஏணியடியில் ஒரே ஒரு பெட்டியைப் பார்த்தாள்.

கரண்டியைக் கீழே வைக்காமலே பெட்டியின் அடியில் கைகொடுத்தாள்.

அடுப்பில் கருவாடு தீய்ந்துகொண்டிருந்தது. யாரும் போய்த் திருப்பிப் போடவில்லை.