நரம்பு இழுக்கும் மிஷின்

சாப்பாட்டு மேசைமேல் மிஷின் கால் பரப்பி உட்கார்ந்திருந்தது. பருப்புச் சட்டியை நான் தரையில் இறக்கி வைத்தேன்.

ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. போன வாரத்து மழைக்குக் காப்பி பூத்திருந்ததால் அந்த வாசமும் கூடவே வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் அரை ஆளாகத்தான் தெரிந்தார். தலையும் கையும் இருந்தன. மிச்சத்தைப் பனி எடுத்துக்கொண்டது.

அவர் பேர் மனுவேல். எஸ்டேட் துரைமார் வந்து ஆடுகிற கிளப்பில் டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்துக்கொள்கிறவர். மட்டைகளுக்கு நரம்பு கட்டுவதும் அவர்தான்.

இந்த மிஷின் கிளப் ஸ்டோரில் பழுதாகிக் கிடந்தது. மட்டையை நடுவில் பூட்டி, நரம்பின் நுனியைக் கவ்வக் கொடுத்து, இரும்புக் கையை இறக்கிவிட்டால் அதில் இருக்கிற எடைக்கட்டி நரம்பை இழுக்கும். எடையை எங்கே நகர்த்தி வைக்க வேண்டும் என்று கையில் கோடு போட்டிருக்கும். அதில் பாதி துருவில் அழிந்துவிட்டது. உள்ளே பல்சக்கரத்தைப் பிடிக்கும் கொக்கியும் தேய்ந்துபோனதால் கை நிற்காமல் சரிந்துவிடும்.

அது கெட்டபோது அவர் கவலைப்படவே இல்லை. கையாலேயே இழுத்துக் கட்டினார். கட்டை விரலால் ஒரு சுண்டு, காதோரம் வைத்து ஒரு நொடி, அவ்வளவுதான். எந்தத் துரைக்கு எந்தச் சத்தம் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு என் அடுப்படிச் சாமான்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

அப்படிப்பட்டவர் திடீரென்று மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு கட்டிக் கொடுத்ததில் இரண்டு மட்டை திரும்பி வந்தது. ஒன்று ரொம்ப விறைப்பாம், இன்னொன்று தொளதொளவென்று இருக்கிறதாம். இன்னும் ஒன்று இப்படி வந்தால் எல்லாவற்றையும் சேலத்துக்கே அனுப்பிவிடுவோம், வேறு ஆளும் பார்த்துக்கொள்வோம் என்று செகரட்டரி சொல்லிவிட்டார். நாங்கள் இருக்கிற வீடும் கிளப் கொடுத்ததுதான். இன்று சாயங்காலம் போக வேண்டிய மட்டை மிஷினில் பூட்டிக் கிடந்தது.

சைக்கிள் ஃப்ரீவீலைப் பிரித்து, உள்ளே இருந்த கொக்கியை எடுத்து, தேய்ந்த கொக்கியின் அளவுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். இந்த மலையில் ஓட்டலாம் என்று நம்பி அடிவாரத்தில் சைக்கிள் வாங்கிய ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். ஏறும்போது அவர் சைக்கிளைத் தள்ளினார், இறங்கும்போது சைக்கிள் அவரைத் தள்ளியது. ஒருவழியாக அதற்கும் இன்று ஒரு வேலை வந்தது.

"ஏனுங்க, உங்க காதுக்கு மிஞ்சுன மிஷினா இது?" என்றேன்.

அவர் பாட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டாலும் கொஞ்ச நாளாகவே இப்படித்தான். கவலையில் மனுஷனுக்கு வாய்ப்பூட்டு போட்டாயிற்று என்று நானும் விட்டுவிட்டேன். பனி இறங்கினால் இந்த ஊரே அப்படித்தான் ஆகிவிடும். பஸ் வருகிற சத்தம் கேட்காது, திடீரென்று முன்னால் நிற்கும். பக்கத்து வீட்டு நாய் எங்கோ தள்ளி மஞ்சக்குட்டை ஊரில் நின்று குரைப்பது போல இருக்கும்.

கொக்கி உட்கார்ந்தது. இரும்புக் கையை இறக்கினார். தூக்கத்தில் புரண்டு படுப்பது போல அது மெல்ல இறங்கிப் பாதியில் நின்றது. நழுவவில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

முதல் நரம்பை இழுத்தார். சுண்டினார். பிறகு குனிந்து, தாடையை மட்டையின் மரத்தில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சுண்டினார். மட்டைக்கு முத்தம் கொடுக்கிறாரோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது மாதா கோயில் மணி அடித்தது. மத்தியான ஜெப மணி.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டேன். அந்த மணிக்கு அவர் கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிடுவார். கல்யாணமான புதிதில், ஆரஞ்சு பறிக்க மரத்தில் ஏறியவர், மணி கேட்டதும் கிளையைப் பிடித்திருந்த கையை விட்டுச் சிலுவை போட்டார். கீழே நின்ற எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

மணி அடித்து ஓய்ந்தது. அவர் தாடையை எடுக்கவில்லை.

போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு நிமிர்ந்தார். என் விரல்கள் மறுபடி நெற்றிக்குப் போவதைப் பார்த்ததும் அவசர அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இந்தப் பனியில மணியே கேக்கல புள்ள."

சொன்ன அவர் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேசை, மிஷின், கொட்டிக் கிடந்த அரத்தூள் எல்லாவற்றிலும் வெயில். ஜன்னலுக்கு வெளியே கோயில் உச்சிச் சிலுவை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. பனி எப்போது விலகியதென்று நானும் கவனிக்கவில்லை.

வாய்ப்பூட்டு என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"ஆமாங்க. நொம்பப் பனி" என்றேன். வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

பிறகு குனிந்து அந்த நரம்பை நானே சுண்டினேன். கொஞ்சம் தளர்வு. என் அடுப்படிக்குத் தெரிந்த சத்தம் இது இல்லை. இன்னும் இழுக்க வேண்டும் என்று கையால் காட்டினேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை.

எடைக்கட்டியை ஒரு கோடு தள்ளி வைத்தார். நரம்பை மறுபடி இழுத்தார். இழுத்துவிட்டு, மட்டைப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.